கைப்பிள்ளையோடு கோப்பிக்குப் புள்ளி போடப் போனேன்

முல்லைத்தீவில் தங்கிய அன்று என் பிள்ளை ஏன் அப்படி அழுதாள்? நான் குடித்த கோப்பியாலா, கடற்காற்று காதுக்குள் புகுந்ததாலா, பழக்கமில்லாத பாயின் மணத்தாலா? அல்லது அம்மா பயந்துபோயிருக்கிறாள் என்பதை அவள் தன் பாட்டில் கண்டுபிடித்துவிட்டாளா? கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் கேட்கும்போது அதுதான் சரி என்று பட்டது. இன்று வரை எனக்கு விடை தெரியாது.

நான் முள்ளியவளையில் ஒரு பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிறேன். இப்போது பிரசவ விடுப்பில் நிற்கிறேன். பிள்ளை இன்னும் முழுக்கத் தாய்ப்பாலில்தான் வளர்கிறாள். இந்த நிலையில் மூன்று நாள் கரையோரம் திரிந்து கடை கடையாகக் கோப்பி குடிக்கப் போனது என் ஆசையால் அல்ல.

முல்லைத்தீவுக் கரையில், மீன் ஏலம் விடுகிற இடத்தில், கடற்றொழில் செய்பவர்களின் சங்கம் ஒரு கொட்டகை கட்டியிருக்கிறது. உயரமான கல் அத்திவாரம், நல்ல ஓலைக் கூரை. அதன் ஒரு மூலையில் கோப்பிக் கடைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கடைக்கு. கேட்டவர்கள் மூன்று பேர். அளம்பிலில் ஒருவர், முல்லைத்தீவில் ஒருவர், முள்ளிவாய்க்காலில் ஒருவர். சங்கத்தில் இருக்கிற எல்லாருமே இந்த மூவரில் யாரோ ஒருவருக்கு மாமன், மச்சான், ஞானத்தகப்பன். யார் தீர்ப்புச் சொன்னாலும் சண்டைதான். அதனால் உறவில்லாத, சமையல் படித்த ஒருவர் மூன்று கடைகளிலும் கோப்பி குடித்துப் புள்ளி போடட்டும் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் அதிபர் என் பெயரைச் சொல்லிவிட்டார். பெரியவர்கள் சொன்னால் எனக்கு மறுத்துப் பேச வராது.

முள்ளியவளையிலிருந்து கடல் சைக்கிள் தூரம்தான். ஆனாலும் எங்களைப் போன்ற வயற்காரருக்கு அது வேறு நாடு. எங்கள் பக்கத்தில் தேத்தண்ணிக் கடைதான் உண்டு. வெள்ளிக்கிழமை மீன் மச்சம் இல்லை. மழை எப்போது வரும் என்பதுதான் எங்கள் கதை. கரையில் தேத்தண்ணி போதாது என்பார்கள். ஈரத்தோடு கரையேறுகிற உடம்புக்குக் கோப்பி வேண்டுமாம். அங்கே எல்லாரும் காற்றைப் பற்றியே கதைக்கிறார்கள், அதுவும் காற்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

என் கணவருக்குச் சிறுபோக அறுவடை. அதனால் அவருடைய தங்கை நந்தினி துணைக்கு வந்தாள். அவள் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கரியரில் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு, கறுப்புக் குடையைப் பிடித்தபடி. போகிற வழியிலேயே பின் சில்லில் காற்றுப் போனது. இந்தப் போர்த் தடைக் காலத்தில் ஒட்டுகிற பசை ஊரில் கிடைத்தால்தானே? தெருவோரம் இருந்த ஒருவர் ரியூப்பின் ஓட்டையை இழுத்துப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டிவிட்டார். அதன்பிறகு சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் எங்களை மெதுவாக ஒருமுறை தூக்கிப் போட்டது. நான் பிள்ளையின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, இது கூடாது, திரும்பிப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். குனிந்து பார்த்தால் அவள் தூங்கிவிட்டாள். தொட்டிலில் கூட அவள் அவ்வளவு சுகமாகத் தூங்கியதில்லை.

முதல் நாள் அளம்பில். மணல் அவ்வளவு வெண்மையாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பனைகளின் நிழல் அதன்மேல் நீல நிறத்தில் கிடந்தது. பாய்களில் காயப்போட்ட மீனின் மணம் முதலில் மூக்கைச் சுளிக்க வைத்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் களத்துமேட்டில் காய்கிற நெல்லின் மணத்துக்கும் இதற்கும் ஏதோ உறவு இருப்பதுபோலத் தோன்றியது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் அதன் ஓசை தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

ரீத்தம்மாவின் கடை கிடுகால் வேய்ந்தது. பழைய வள்ளத்துப் பலகைதான் உட்காருகிற வாங்கு. பக்கத்தில் குண்டு விழுந்தால் பதுங்குகிற பங்கர். அதற்குள் தேங்காய் குவித்து வைத்திருந்தார்கள்; குளிர்ச்சியாக இருக்குமாம். நாங்கள் இறங்கியதும் வாங்கில் இருந்த இருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"உவாதான் புள்ளி போடுற ரீச்சரோ?"

"ஓம். கையிலை தராசு ஒண்டையும் காணேல்லை."

"தராசு நாக்கிலையடா மோனே," என்றபடி ரீத்தம்மா வெளியே வந்தார். பருத்த உடம்பு, பெரிய குரல். என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். கன்னத்தை விரலால் அழுத்தினார். "பால் காணுமோ?"

"காணும் எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறதோ? நீர் நினைக்காதையும். பிள்ளை சொல்லும்."

அது போதும், நான் அரை மணி நேரம் அதையே யோசித்துக்கொண்டிருக்க. பால் போதவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதா? கன்னம் ஒட்டியிருக்கிறதா? எனக்கு வந்த கோப்பி பித்தளைத் தம்ளரில் வந்தது. நந்தினிக்குக் கண்ணாடிக் கிளாசில். சீனி இல்லாத காலம் என்பதால் இருவர் கையிலும் ஒவ்வொரு பனங்கட்டித் துண்டு. அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

என் தம்ளரில் மல்லி மணத்தது. மிளகு தொண்டையைப் பிடித்தது. அடியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் அவிந்த உள்ளிப்பூண்டுப் பல். கோப்பியில் உள்ளியா! கடற்கரை ஆட்கள் இப்படித்தான் குடிப்பார்கள் போலும் என்று நினைத்தேன். பாடசாலையில் சமையல் செய்முறைக்குப் புள்ளி போடுவதுபோல, நிறத்துக்குக் கொஞ்சம் குறைத்தேன், மணத்துக்குக் கொஞ்சம் கூட்டினேன், சுவைக்கு மட்டும் எப்படிப் போடுவது என்று தெரியாமல் நடுவில் விட்டேன். பிறகு பிட்டும் பொரித்த சூடை மீனும் தந்தார்கள். அந்த மீனுக்குப் புள்ளி கேட்டிருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பேன்.

வரும் வழியில் நந்தினியிடம் கேட்டேன். "உமக்கு எப்பிடி இருந்தது?"

"சூடா இருந்தது அண்ணி."

"அது தெரியும். ருசி?"

"சூடாத்தான் இருந்தது." மிதித்துக்கொண்டே சிரித்தாள். "எனக்குக் கோப்பியிலை என்ன தெரியும்? பனங்கட்டி நல்ல பனங்கட்டி."

இரண்டாம் நாள் முல்லைத்தீவு. கூரையில்லாத கட்டடங்களின் சுவர்களில் அடம்பன் கொடி ஏறி ஊதாப் பூ பூத்திருந்தது. கண்ணிவெடி என்று சிவப்புப் பலகை தொங்கவிட்ட கம்பி வேலிக்கு அப்பால் யாரும் போவதில்லை. அங்கே மாடு மட்டும் ஒன்று நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கு வாசிக்கத் தெரியாது என்று நந்தினி சொன்னாள். நான் மாடு அடுத்த அடி வைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது வைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெயில் தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

சந்தியில் ஒரு பூட்டிய கடை. காக்கா என்று எல்லாரும் அழைத்த முஸ்லிம் கடைக்காரரின் குடும்பம் ஊரைவிட்டுப் போக நேர்ந்து பல வருடம். சந்தியின் பெயர் இன்னும் அவர்களுடையதுதான்: காக்கா கடைச் சந்தி. அதற்கு எதிரே அருளப்பு அண்ணையின் கோப்பிக் கடை. வாசலிலேயே கையால் சுற்றுகிற ஒரு கோப்பி மெசின் பளபளவென்று நின்றது.

"உது காக்காவின்ரை," என்றார், நான் கேட்காமலே. "வந்தால் குடுக்கோணும். சும்மா கிடந்தால் துருப் பிடிச்சிடும் எண்டு அரைக்கிறன். என்ன, அரைச்சால் தேயும், அரைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். எனக்கு எது பாவம் எண்டு தெரியேல்லை. ரீச்சருக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரியவில்லை. இதற்குப் புள்ளி கூட்டுவதா குறைப்பதா என்று நினைத்து, நினைத்ததற்கே வெட்கப்பட்டேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பற்றரி இல்லாததால் றேடியோவைச் சைக்கிள் டைனமோவில் பூட்டியிருந்தார்கள். செய்தி நேரத்தில் யாராவது ஒருவர் சைக்கிளை நிறுத்தி வைத்தபடி மிதிக்க வேண்டும். மிதிக்கிறவருக்கு ஒரு கோப்பி. வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் சோம்பிப் போகும், நித்திரையில் கதைக்கிற ஆள் மாதிரி.

"மிதியடா, மிதி! அமைச்சர் மயங்கிப் போறார்!"

"எனக்குக் கால் உளையுது. ஆராவது மாறுங்கோ."

"இந்தத் தங்கச்சியைக் கேட்டுப் பாரும். முள்ளியவளையிலையிருந்து ரெண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்தவா."

நந்தினிக்கு அது போதும். கோப்பிக் கிளாசை வைத்துவிட்டுப் போய் ஏறிவிட்டாள். செய்தி தெளிவாக, மிடுக்காக ஒலித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு வந்தது ஆட்டுப்பால் விட்ட, மேலே ஆடை படர்ந்த ஒன்று. வெந்தயக் கசப்பு இருந்தது. இதென்ன கோப்பி, கோப்பியே தெரியவில்லையே என்று யோசித்தேன். பக்கத்தில் நந்தினியின் கிளாஸ் ஆறிக்கொண்டிருந்தது. அதன் நிறம் வேறு. ஆறிவிட்டால் வீண்தானே என்று ஒரு வாய் குடித்தேன்.

அந்த ஒரு வாயை எப்படிச் சொல்வது? முதலில் புகை மணம். பிறகு நாக்கின் இரு பக்கமும் ஒரு துவர்ப்பு. அது போனபின் இனிப்பு என்று சொல்ல முடியாத, இனிப்புக்குப் பக்கத்தில் நிற்கிற ஏதோ ஒன்று. பிள்ளை பிறந்த நாளிலிருந்து என் தலைக்குள் கிடந்த மூட்டம் ஒரு பக்கமாக விலகி, தெரு, கொடிப் பூக்கள், தண்ணீரின் பளபளப்பு எல்லாம் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தன. எவ்வளவு காலம் நான் அரைத் தூக்கத்தில் நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. இன்னொரு வாய் குடித்தேன். பிறகு கிளாஸ் வெறுமையாக இருந்தது.

"ஐயோ ரீச்சர்! அது உங்கடை இல்லை!" அருளப்பு அண்ணை உள்ளேயிருந்து ஓடி வந்தார். நந்தினி திரும்பிப் பார்த்ததில் கால் நின்றது. செய்தி வாசிப்பவர் ஒரு நீண்ட முனகலோடு அடங்கிப்போனார்.

"இதுதானே கோப்பி?" என்றேன். "அப்ப எனக்குத் தந்தது என்ன?"

"பிள்ளைக்காரிக்கு ஆர் கோப்பி குடுப்பினம்? பால் வத்தும். பிள்ளை நித்திரை கொள்ளாது. என்ரை மனிசி உங்களுக்கெண்டு வெந்தயம் போட்டுக் காய்ச்சினவா."

"அளம்பிலிலை உள்ளி போட்டுத் தந்தவை."

அவர் வாங்கில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உள்ளியோ! அது பிள்ளைப் பெத்தவைக்குக் குடுக்கிற சரக்குத் தண்ணி. அதுக்குள்ளை ஒரு கோப்பிக் கொட்டை கூட விழுந்திராது. நீங்கள் அதுக்கோ புள்ளி போட்டனீங்கள்?"

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் கணக்குத் தாளைத் திருத்தப்போய் வேறு யாருடையதோ சங்கீதத் தாளுக்குப் புள்ளி போட்டவள் போல நின்றேன். ரீத்தம்மா ஏமாற்றவில்லை, பிள்ளையை நினைத்துச் செய்திருக்கிறார். அருளப்பு அண்ணையும் அப்படியே. ஆனால் இப்போது ஒருவருடைய உண்மையான கோப்பி எனக்குத் தெரியும், மற்றவருடையது தெரியாது. இதில் எங்கே நியாயம்?

அன்றிரவு எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் வீட்டில் தங்கினோம். பிள்ளை அழுதாள். பால் கொடுத்தேன், தோளில் போட்டேன், முற்றத்தில் நடந்தேன். ஓமத் தண்ணீர் பருக்கினார்கள், வசம்பு சுட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவினார்கள். வீட்டுக்காரி, "கோப்பி ஏதும் குடிச்சனீரோ?" என்று கேட்டபோது, ஓம் என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்கவில்லை. சொன்னபின் யாரும் ஏசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை அவள் ஒன்றும் நடக்காதவள் போலச் சிரித்தாள். வட்டுவாகல் பாலத்தால் போனோம். இரண்டு பக்கமும் தண்ணீர், அகலமான, ஆழமில்லாத களப்பு. இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிக்கிறவர்கள் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் தொங்குவதுபோல இருந்தார்கள். தூரத்தில் எது நிலம், எது நீர், எது வெயில் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில்லு எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வானத்தில் வண்டு இரைகிற சத்தம் கேட்டது; உளவு விமானத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நந்தினி மிதிப்பதை நிறுத்தவில்லை. பிள்ளை மட்டும் கண்ணை அகல விரித்து மேலே பார்த்து, அது யாரோ தனக்கு ஆட்டிக்காட்டும் கிலுக்கு என்று நினைத்தவள்போல வாயைத் திறந்தாள்.

முள்ளிவாய்க்காலில் திரேசம்மாவின் கடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டபோது ஒருவர் கடலைக் காட்டினார். உண்மையாகவே கடலுக்குள் கடையின் இரண்டு மரத்தூண் கப்புகள் நின்றன. அலை அவற்றைச் சுற்றி நுரைத்துவிட்டுப் போனது. அவற்றுக்கு இந்தப் பக்கம், மணல் சரிந்த விளிம்பில், பாதிக் கடை. ஒரு பக்கத்துச் சுவரே இல்லை. அடுப்பு மட்டும் சுத்தமாக மெழுகி, சாம்பல் வழித்து, எரிந்துகொண்டிருந்தது.

திரேசம்மா மெலிந்த பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு இருக்கும். கணவர் கடலுக்குப் போயிருந்தார். நாங்கள் உட்கார்ந்ததும் நந்தினிக்குக் கோப்பி வந்தது. எனக்கு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்.

"எனக்கும் ஒண்டு தாருங்கோ."

"உங்களுக்கு இல்லை."

"நான்தான் புள்ளி போட வந்தனான்."

"தெரியும். கறுத்தக் குடை, கைப்பிள்ளை, பின் சில்லுத் துள்ளுற சைக்கிள். நேற்றே சொல்லிப்போட்டினம்."

"அப்ப?"

"அப்ப என்ன? புள்ளிக்காகப் பிள்ளையின்ரை வயித்தைக் குழப்பேலுமே?"

"மற்ற ரெண்டு கடையிலையும் ஏதோ காய்ச்சித் தந்தவை."

"அவையள் பாசத்திலை செய்தவை. ஆனால் நீங்கள் கோப்பிக்குப் புள்ளி போட வந்தனீங்கள். வேறை எதையும் காய்ச்சித் தந்து, இதுதான் என்ரை கோப்பி எண்டு நான் சொல்லமாட்டன். இஞ்சை கஞ்சி கிடக்கு. அது கஞ்சி எண்டு சொல்லியே தாறன்."

தேங்காய்ப் பால் விட்ட அரிசிக் கஞ்சி. சூடாக, உப்பு அளவாக இருந்தது. நான் அடம்பிடித்துக் கோப்பி கேட்டிருக்கலாம். ஆனால் முந்தைய இரவின் அழுகை இன்னும் என் காதில் இருந்தது. நான் கஞ்சியைக் குடித்தேன். அதற்குமேல் கேட்காமல் விட்டதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறுதலோடு கூடவே, என் கடமையை இந்த மனிசி என் கையிலிருந்து வாங்கித் தூர வைத்துவிட்டார் என்ற எரிச்சலும் இருந்தது.

"கடை இவ்வளவு கடலுக்குக் கிட்ட ஏன் வைச்சனீங்கள்?" என்று நந்தினி கேட்டாள்.

"நான் கிட்ட வைக்கேல்லை. அது கிட்ட வந்திட்டுது." கப்புகளைக் கண்ணால் காட்டினார். "போன வாடைக் காத்துக்கு உந்தப் பக்கம் கடலோடை போனது. உதிலை ஆக்கள் இருக்கிறவை. இந்த வாடைக்கு அடுப்பு."

"பின்னுக்குத் தள்ளிக் கட்டேலாதோ?"

"பின்னுக்கு ஆக்களின்ரை காணி. அதுக்கங்காலை களப்பு. நான் எங்கை தள்ளுறது?" சொல்லிவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினார். முறைப்பாடு போலச் சொல்லவில்லை. கொட்டகை இடம் தனக்குத்தான் வேண்டும் என்று ஒரு சொல் கேட்கவும் இல்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும், மறுத்தாவது இருப்பேன்.

கரைவலை இழுத்து முடித்தவர்கள் வந்து மணலில் குந்தினார்கள். அவர்களிடமாவது கேட்போம் என்று கேட்டேன்.

"இவான்ரை கோப்பிக்காகத்தான் ரீச்சர் நான் விடிய எழும்புறனான்."

"பொய்! நீ எழும்பிறது மனிசி எழுப்பிறதாலை. ரீச்சர், உள்ளதைச் சொன்னால் இது சட்டி கழுவின தண்ணி."

"உவன் அளம்பிலிலை கலியாணம் கட்டினவன் ரீச்சர். ரீத்தம்மான்ரை மருமோன். அப்பிடித்தான் சொல்லுவான்."

"நீ மட்டும் என்ன? இவான்ரை பக்கத்து வளவுக்காரன்!"

திரேசம்மா இரண்டு பேருக்கும் ஒரே அளவாக ஊற்றிக் கொடுத்தார். சட்டி கழுவின தண்ணி என்றவர் அதைக் கடைசித் துளி வரை குடித்தார். அதைச் சாட்சியாக எடுக்கலாமா? தாகமாகவும் இருந்திருக்கலாம். கடைசி நம்பிக்கையாக நந்தினியைப் பார்த்தேன்.

"இது கொஞ்சம் ஆறிப்போச்சு அண்ணி," என்றாள். "காத்து."

திரும்பும்போது சங்கக் கொட்டகையில் இறங்கினோம். தலைவர் மரியதாஸ் அண்ணையும் இன்னும் சிலரும் இருந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு கடையில் சரக்குத் தண்ணி, ஒரு கடையில் தற்செயலாகக் கோப்பி, ஒரு கடையில் கஞ்சி. இப்படி நான் புள்ளி போட்டால் அது பாவம் என்றேன். வேறு ஒருவரை அனுப்புங்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு மரியதாஸ் அண்ணை யோசித்துச் சொன்னார். "வேறை ஆள் வந்தால் அவர் ஆரின்ரை ஆள் எண்டு திருப்பித் துவங்கோணும். உங்களை மூண்டு பேரும் ஏற்றுக்கொண்டிட்டினம். ஆனபடியால் பொறுப்பம். பிள்ளை பால் மறக்கட்டும். பிறகு வந்து மூண்டையும் வடிவாக் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

"அதுதான் நியாயம்," என்றார் வந்திருந்த அருளப்பு அண்ணை. "ரீத்தம்மாவும் ஓம் எண்டுவா. எங்களுக்கு என்ன அவசரம்?"

"திரேசம்மாவின்ரை அடுப்பு?" என்றேன். "வாடைக்கு முன்னம் பிள்ளை பால் மறக்காது."

அருளப்பு அண்ணை வெளியே மீன் பெட்டி இழுக்கிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"தெரியும் பிள்ளை," என்றார் மரியதாஸ் அண்ணை, இந்த முறை ரீச்சர் என்று சொல்லாமல். "எனக்கும் கண் இருக்கு. ஆனால் இரக்கப்பட்டு அவாவுக்குக் குடுத்தால், மற்ற ரெண்டு பகுதியும் இந்தக் கொட்டகைக்குள்ளை கால் வைக்காது. அவா ஆருக்குக் கோப்பி விக்கிறது?"

வீட்டுக்கு வந்தோம். வயல் மணம், மாட்டு மணம், என் குசினி, என் கதிரை. மூன்று நாளில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கண்ணை மூடினால் வெண்மணலும் அந்த நீல நிழல்களும் வந்து நிற்கின்றன. பிள்ளை தூங்கும்போது கால்களை அசைத்தால், அவளும் அங்கேதான் போய்வருகிறாளோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீர்தானே நீதவான், யோசியும்," என்று சொல்லி வயலுக்குப் போய்விட்டார்.

ஆனால் கரை என்னை விடவில்லை. சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர்கள் வாசல் படலையில் நின்று மீன் விலையைச் சொல்லமுன் இதைத்தான் கேட்கிறார்கள்: "ரீச்சர், பிள்ளை சோறு தின்னத் துவங்கீற்றுதோ?" சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பல் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கரையோரம் முழுவதும் என் பிள்ளை பால் மறக்கக் காத்திருக்கிறது. ரீத்தம்மா குரக்கன் மா இடித்து அனுப்பியிருந்தார், கூழ் காய்ச்சிப் பருக்கச் சொல்லி. அருளப்பு அண்ணை ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் அனுப்பியிருந்தார், மசித்துத் தீத்தினால் பிள்ளை தாயை மறந்துவிடுமாம். நான் கூழைத் தொட்டு வைத்தேன். அவள் அதை நாக்கால் தள்ளிவிட்டு, முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

போன கிழமை திரேசம்மாவிடமிருந்தும் ஒரு பொதி வந்தது. வாழையிலைக்குள் பாற்சுறா. அதை வறை வறுத்துச் சாப்பிட்டால் தாய்க்குப் பால் ஊறும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொண்டு வந்தவரிடம், "இதை ஏன் அனுப்பினவா? பால் கூடினால் அவாவுக்குத்தானே நட்டம்," என்றேன்.

"நானும் கேட்டனான் ரீச்சர்," என்றார் அவர். "கடைக்கும் பிள்ளைக்கும் என்ன கதை எண்டு ஏசிப்போட்டா."

வறுத்துச் சாப்பிட்டேன். பால் ஊறியது.

இதை வாசிக்கிற தாய்மாரே, உங்களிடம்தான் கேட்கிறேன். ஆறு மாதம்கூட நிரம்பாத பிள்ளையை, இன்னொரு பெண்ணின் அடுப்புக்காகப் பால் மறக்கச் செய்வது சரியா? உங்களில் யாராவது அந்த வயதில் மறக்கச் செய்திருந்தால், பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள், எப்படித் தேறியது? அல்லது பால் கொடுக்கும் காலத்தில் கோப்பி குடித்து, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தவர்கள் இருக்கிறீர்களா? அப்படியென்றால் எவ்வளவு குடித்தீர்கள், எந்த நேரத்தில்? மூன்று கடையிலும் ஒவ்வொரு வாய் எனக்குக் காணும். இல்லை, குடிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏச்சை நீ வாங்கிக்கொள் என்று சொல்வீர்களானால், அதையும் எழுதுங்கள்; மற்ற இரண்டு வீட்டாருக்கும் எந்த முகத்தோடு சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெட்கப்படாமல் எழுதுங்கள், நானும் வெட்கப்படாமல்தான் கேட்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: காற்று வாடையாகத் திரும்ப முன் எழுதுங்கள். நேற்றுப் பின்னேரம் படலையில் நின்ற மீன்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்.